தசைச்சிதைவு நோயும் தசையின் ஆக்சிஜனும்: ஓர் ஆய்வு வரலாறு

தசைச்சிதைவு நோய் என்பது தனியொரு நோயின் பெயர் அன்று. மரபணுக் குறைபாட்டால் உடலின் தசைகள் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழந்து, கடைசியில் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நிரம்பிவிடும் பல நோய்களுக்கு அது பொதுப்பெயர். இவற்றுள் அதிகம் அறியப்பட்டது டுஷென் வகை. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரை இது தாக்குகிறது. இந்நோய்க்குக் காரணமான மரபணு 1986-87ஆம் ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் மரபணுவில் உள்ள ஒரு பிழை எப்படித் தசை இழையைச் சாகடிக்கிறது என்ற கேள்வி அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் முழுமையாக முடியவில்லை. அந்தக் கேள்விக்கான விடைகளில் ஆக்சிஜன் இரண்டு வேடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தசைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்பது ஒன்று. கிடைத்த ஆக்சிஜனே தசையை அரிக்கிறது என்பது மற்றொன்று.

உழைக்கும் தசையின் தேவை

மதுரைக்கு வடக்கே உள்ள அலங்காநல்லூரில் தை மாதம் வாடிவாசல் திறக்கும்போது, காளையின் திமிலைத் தழுவும் வீரருக்குத் தேவைப்படுவது சில நொடி நேர விசை. அந்த நொடிகளுக்கான ஆற்றலைத் தசை தனக்குள் சேமித்து வைத்திருக்கும் ஏ.டி.பி., கிரியேட்டின் பாஸ்பேட் ஆகியவற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் வந்து சேரும்வரை அது காத்திருப்பதில்லை. காளை துள்ளி ஓடிய பிறகு வீரருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறதே, அப்போதுதான் செலவழித்த கையிருப்பு ஈடுசெய்யப்படுகிறது. பள்ளிப் பாடநூல்களில் வரும் ‘ஆக்சிஜன் கடன்’ இதுதான். அதே வட்டாரத்தில் கரும்பு வெட்டுபவரின் வேலை வேறு வகை. மணிக்கணக்கில் குனிந்து நிமிரும் அவருடைய தசைகளுக்கு ஆக்சிஜன் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஓய்வில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் எலும்புத்தசைகளுக்குச் செல்கிறது. கடும் உழைப்பில் அது ஐந்தில் நான்கு பங்கு வரை உயரும். வந்த ஆக்சிஜனை மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் வாங்கிக்கொள்ள, மைட்டோகாண்ட்ரியா அதைக் கொண்டு ஆற்றலைத் தயாரிக்கிறது. தசையின் ஆக்சிஜன் செலவுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள உறவைக் கண்டறிந்த ஓட்டோ மேயர்ஹோஃபும், தசை வெளிவிடும் வெப்பத்தை அளந்த ஏ.வி. ஹில்லும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இயல்பான தசை எப்படி மூச்சுவிடுகிறது என்பது இவ்வாறு ஓரளவு தெளிவானபோது, நோயுற்ற தசையைப் பற்றி மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது மிகக் குறைவு.

நோயை அடையாளம் கண்டவர்கள்

கெண்டைக்கால் பெருத்து, நடை தளர்ந்த இரு சகோதரர்களை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கோன்டே, ஜோயா என்ற மருத்துவர்கள் 1836ஆம் ஆண்டில் விவரித்தனர். இலண்டனைச் சேர்ந்த எட்வர்டு மெரியன் 1851ஆம் ஆண்டில் ஒரு மருத்துவக் கழகத்தில் வாசித்த கட்டுரை இன்னும் முக்கியமானது. இறந்த சிறுவனின் தசையை நுண்ணோக்கியில் பார்த்த அவர், இழையை மூடியிருக்கும் மெல்லிய உறை சிதைந்திருப்பதைக் குறிப்பிட்டார். முதுகுத்தண்டும் நரம்புகளும் கெடவில்லை, நோய் தசையிலேயே இருக்கிறது என்றும் சொன்னார். நியாயப்படி நோய்க்கு அவர் பெயரே வந்திருக்க வேண்டும். ஆனால் 1868ஆம் ஆண்டில் 13 நோயாளிகளை விரிவாக விவரித்து, உயிரோடு இருப்பவரின் தசையிலிருந்தே சிறு துணுக்கு எடுக்கும் ஊசியையும் உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் டுஷெனின் பெயர் நிலைத்துவிட்டது.

1879ஆம் ஆண்டில் வில்லியம் கவர்ஸ், இந்நோயுள்ள சிறுவர்கள் தரையிலிருந்து எழும் விதத்தை விவரித்தார். முதலில் கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் வைத்து, தன் தொடைமீது தானே கைகளால் ஏறுவதுபோல் சிறுவன் எழுகிறான். இன்றும் இது ‘கவர்ஸ் அறிகுறி’ என்றே அழைக்கப்படுகிறது. எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு தாயோ ஆசிரியரோ பார்த்துவிடக்கூடிய அறிகுறி இது.

வைட்டமின் இ தந்த நம்பிக்கை

1931ஆம் ஆண்டில் கோட்ச், பாப்பன்ஹைமர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் குறிப்பிட்ட ஓர் உணவை மட்டுமே கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கும் முயல்களுக்கும் தசை அழிந்துபோனதைக் கண்டனர். உணவில் வைட்டமின் இ இல்லாததே காரணம் என்பது பின்னர் தெளிவானது. வைட்டமின் இ, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தடுக்கும் பொருள். ஆகவே விலங்குகளில் தசைச்சிதைவையும் ஆக்சிஜனேற்றத்தையும் இணைக்கும் முதல் இழை இங்கேயே கிடைத்துவிட்டது எனலாம்.

மனிதர்களுக்கும் அதையே கொடுத்துப் பார்ப்பது இயல்பான அடுத்த அடி. 1940களில் தொடங்கிய அந்த முயற்சிகள் பலன் தரவில்லை. முயலுக்கு நேர்ந்தது உணவுக் குறை, சிறுவனுக்கு நேர்ந்திருப்பது மரபணுக் குறை. இரண்டும் நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தெரிந்ததால் மருந்தும் ஒன்றாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. பின்வந்த பல மருந்துச் சோதனைகளிலும் இதே தடம் தென்படுகிறது.

இரத்தம் போதவில்லையா?

1959ஆம் ஆண்டில் ஜப்பானின் எபாஷி குழுவினர் இந்நோயாளிகளின் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் நொதி மிக அதிகமாக இருப்பதைக் காட்டினர். தசைக்குள் இருக்க வேண்டியது வெளியே கசிகிறது என்பதற்கு அது சான்று. சி.பி.கே. என்ற பெயரில் இன்றும் செய்யப்படும் எளிய இரத்தப் பரிசோதனை இதிலிருந்து வந்ததே.

ஆனால் தசை ஏன் கசிகிறது? 1971ஆம் ஆண்டில் மெண்டல், டபிள்யூ. கிங் எங்கல், டெரர் ஆகியோர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விடையை முன்வைத்தனர். எலிகளின் பெருந்தமனியைக் கட்டி, இரத்தக்குழாயைச் சுருக்கும் செரட்டோனினையும் செலுத்தியபோது, டுஷென் நோயின் தொடக்கத்தில் காணப்படுவது போன்ற கூட்டங்கூட்டமான தசை அழிவு உண்டானது. ஆகவே நோயின் வேர் இரத்த ஓட்டக் குறைவாக இருக்கலாம் என்றனர்.

மூன்றே ஆண்டுகளில் இந்தக் கருத்து ஆட்டம் கண்டது. 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகளில், நோயாளிகளின் தசையில் நுண்குழாய்கள் அடைபட்டிருக்கவில்லை, அளந்து பார்த்த இரத்த ஓட்டமும் குறைந்திருக்கவில்லை. இவற்றைச் செய்த குழுவில் இருந்தவர் ஆண்ட்ரூ எங்கல். முந்தைய ஆய்வில் வரும் எங்கல் வேறொருவர். பெயர் ஒற்றுமையால் ஒருவரே தன் கருத்தை மறுத்துக்கொண்டதாக எண்ணிவிடக் கூடாது. 1975ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ எங்கலும் மோக்ரியும் தசை இழையின் சவ்வில் ஆங்காங்கே கிழிசல்கள் இருப்பதைக் காட்டினர். மெரியன் 124 ஆண்டுகளுக்கு முன் பார்த்த உறையிடமே ஆய்வு திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு ரோகமான், பெனா இருவரும், கிழிசல் வழியே புகும் கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவை நிரப்பி அதன் ஆற்றல் உற்பத்தியைக் கெடுக்கிறது என்ற விளக்கத்தைத் தந்தனர். ஆக்சிஜன் வந்தாலும் அதைச் சரிவரப் பயன்படுத்தும் அடுப்பு பழுதாகிவிடுகிறது என்பது அதன் பொருள்.

டிஸ்ட்ரோபினும் நைட்ரிக் ஆக்சைடும்

1987ஆம் ஆண்டில் ஹாஃப்மன், பிரவுன், குங்கல் ஆகியோர் டுஷென் நோயாளிகளின் தசையில் இல்லாத புரதத்தைக் கண்டுபிடித்து அதற்கு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டனர். எக்ஸ் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று. தசை சுருங்கும்போது சவ்வு கிழியாமல் தாங்கும் நங்கூரம் போன்றது டிஸ்ட்ரோபின். நங்கூரம் இல்லை, சவ்வு கிழிகிறது, கால்சியம் புகுகிறது. கதை முடிந்தது போலத் தோன்றியது.

1995ஆம் ஆண்டில் பிரென்மன், பிரெட் குழுவினர் ‘செல்’ இதழில் வெளியிட்ட ஆய்வு கதையை மீண்டும் திறந்தது. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் ஒரு நொதி, இயல்பான தசையில் டிஸ்ட்ரோபின் தொகுப்போடு ஒட்டிக்கொண்டு சவ்வின் ஓரத்தில் இருக்கிறது. டிஸ்ட்ரோபின் இல்லாத தசையில் அந்த நொதியும் சவ்வில் இல்லை.

இதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள, உழைக்கும் உடலில் இரத்தம் பங்கிடப்படும் முறையைப் பார்க்க வேண்டும். உழைப்பின்போது பரிவு நரம்புகள் உடல் முழுவதும் இரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன. குடலுக்கும் தோலுக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்து, இரத்த அழுத்தம் வீழாமல் காக்க இது தேவை. ஆனால் உழைக்கும் தசைக்குள்ளும் குழாய்கள் சுருங்கிவிட்டால் வேலை நடக்காது. ஆகவே அந்தத் தசை நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு, தன் பகுதியில் மட்டும் நரம்பின் கட்டளையைத் தளர்த்திக்கொள்கிறது. முறைப்பாசனத்தில் எல்லா மடைகளையும் அடைத்துவிட்டுப் பயிர் வாடும் வயலின் மடையை மட்டும் திறந்துவிடுவது போன்றது இது. டுஷென் நோயில் அந்த மடையைத் திறக்க ஆள் இல்லை.

கெயில் தாமஸ், ரொனால்டு விக்டர் ஆகியோர் இதை முதலில் எலிகளிலும், 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் சிறுவர்களிலும் காட்டினர். சிறுவர்கள் கையால் ஒரு பிடியை அழுத்திக்கொண்டிருக்க, தோலின் மேல் வைத்த அகச்சிவப்பு ஒளிக்கருவி முன்கைத் தசையின் ஆக்சிஜன் அளவைக் காட்டியது. பரிவு நரம்புகள் தூண்டப்பட்டபோது, நோயில்லாதவர்களின் உழைக்கும் தசையில் ஆக்சிஜன் பெரிதாகக் குறையவில்லை. டுஷென் சிறுவர்களில் குறைந்தது. 1974ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட இரத்தக்குறைவுக் கருத்து வேறு உருவில் திரும்பி வந்தது. குழாய்களில் அடைப்பு இல்லைதான். தேவைப்படும் நேரத்தில் அவை விரிந்துகொடுப்பதில்லை.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஒளியைக் கொண்டே அளக்கிறது. ஆனால் அது காட்டுவது தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை. விரல்நுனியில் 98 என்று காட்டும்போதும், படியேறும் சிறுவனின் தொடைத்தசையில் பற்றாக்குறை இருக்க முடியும்.

பெங்களூர் ஆய்வு

ஆக்சிஜனின் மற்றொரு வேடத்துக்கு வருவோம். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் பயன்படும்போது, ஒரு சிறு பகுதி தனி உறுப்புகளாக, அதாவது வினைத்திறன் மிகுந்த மூலக்கூறுகளாக மாறிக் கசிகிறது. ஆக்சிஜன் தரும் நச்சுத்தன்மைக்கு இவையே காரணம் என்று 1954ஆம் ஆண்டில் ரெபெக்கா கெர்ஷ்மன் குழுவினர் கூறினர். இவற்றை அடக்கும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியை மெக்கார்டு, ஃப்ரிடோவிச் இருவரும் 1969ஆம் ஆண்டில் கண்டுபிடித்தனர். தனி உறுப்புகளின் உற்பத்தி, உடலின் தடுப்பாற்றலை மிஞ்சிவிடும் நிலைக்கு ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று பெயர்.

தசைச்சிதைவு நோயில் இந்த அழுத்தத்தை இந்திய நோயாளிகளின் தசையிலேயே அளந்து பார்த்த முக்கியமான ஆய்வு, பெங்களூரின் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனமான நிமான்சில் நடந்தது. ஸ்ரீநிவாஸ் பரத், நளினி, காயத்ரி ஆகியோர் இடம்பெற்ற குழுவின் கட்டுரை 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. டுஷென் நோய், சார்கோகிளைக்கன் குறைபாடு, டிஸ்ஃபெர்லின் குறைபாடு என்ற மூன்று வகைகளிலும் வகைக்கு 15 நோயாளிகளின் தசைத் துணுக்குகளை எடுத்து, நோயில்லாத 10 பேரின் தசையோடு ஒப்பிட்டனர். முதல் வகை மிகக் கடுமையானது. மூன்றாவது பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கி மெல்ல நகர்வது.

மூன்றிலும் புரதங்களும் கொழுப்புகளும் ஆக்சிஜனேற்றச் சேதம் அடைந்திருந்தன. சேதத்தின் அளவும் நோயின் கடுமையும் ஒரே வரிசையில் அமைந்தன: டுஷென் வகையில் அதிகம், அடுத்து சார்கோகிளைக்கன், பிறகு டிஸ்ஃபெர்லின். முதல் இரண்டு வகைகளில் குளூட்டாதையோன் என்ற காப்புப் பொருள் தீர்ந்துபோயிருந்தது. டுஷென் தசையில் அதைத் தயாரிக்கும் முக்கிய நொதியே மந்தமாக இருந்தது. டிஸ்ஃெபர்லின் வகையிலோ குளூட்டாதையோனைப் பயன்படுத்தும் நொதிகள்தான் குறைந்திருந்தன. நாகப்பாம்பு நஞ்சிலிருந்து பெறப்படும் கார்டியோடாக்சினை எலியின் தசையில் செலுத்தியும் அவர்கள் சோதித்தனர். அங்கும் குளூட்டாதையோன் இழப்பும் தசை அழிவும் சேர்ந்தே வந்தன. வளர்ப்புத் தசைச் செல்களில் குளூட்டாதையோனை முன்கூட்டியே வற்றச்செய்துவிட்டு நஞ்சைச் சேர்த்தபோது சேதம் மேலும் கூடியது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் நோயின் விளைவு மட்டும் அன்று, நோயை முன்தள்ளும் விசையாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தக் கடைசிச் சோதனை வலுச்சேர்க்கிறது. ‘தசைச்சிதைவு’ என்று ஒரே சொல்லால் சுட்டும் நோய்களில் காப்பு அமைப்பு வெவ்வேறு இடங்களில் உடைகிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

மருந்துச் சோதனைகளின் விடை

ஆய்வகத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த காரணங்கள், மருந்தாக மாறும்போது ஏமாற்றின. இரத்தக்குழாயை விரிக்கும் டடலாஃபில் மருந்தை 331 டுஷென் சிறுவர்களிடம் 48 வாரங்கள் சோதித்தனர். நடக்கும் திறன் குறைவதை அது தடுக்கவில்லை என்று 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆய்வை முன்னின்று நடத்தியவர் அதே ரொனால்டு விக்டர். மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவி, தனி உறுப்புகளையும் அடக்கும் இடபினோன் 2015ஆம் ஆண்டில் 64 பேரிடம் நல்ல அறிகுறி காட்டியது. மூச்சுத்திறன் குறையும் வேகம் தணிந்தது. பெரிய அளவில் தொடர்ந்த சோதனை, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

ஆகவே ஆன்டி-ஆக்சிடன்ட் என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரைகளும் சத்துப்பொடிகளும் இந்நோயை நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. இருக்கும் நகையை அடகு வைத்து அவற்றை மாதாமாதம் வாங்கும் குடும்பங்களுக்கு இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டுகள் கடந்தும் நிலைத்திருக்கும் மருந்து ஸ்டீராய்டுதான். 1974ஆம் ஆண்டில் டிராக்மன் குழுவினர் பிரெட்னிசோனின் பலனைக் குறிப்பிட்டனர், 1989ஆம் ஆண்டில் மெண்டல் குழுவினர் முறையான சோதனையில் அதை உறுதிசெய்தனர். அது நோயைக் குணப்படுத்தாது. நடக்கும் காலத்தை நீட்டிக்கும். எடை கூடுதல், எலும்பு மெலிதல் போன்ற பக்கவிளைவுகள் உண்டு என்பதால் மருத்துவர் கண்காணிப்பு இன்றி எடுக்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது.

மரபணு சிகிச்சையிலும் பழைய கேள்வி தொடர்கிறது. டிஸ்ட்ரோபின் மரபணு மிக நீளமானதால் அதன் சுருக்கப்பட்ட வடிவத்தையே வைரஸ் மூலம் செலுத்த முடிகிறது. நைட்ரிக் ஆக்சைடு நொதியைப் பிடித்து வைக்கும் பகுதி எது என்பதை டோங்ஷெங் டுவான் குழுவினர் 2009ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். சில சுருக்க வடிவங்களில் அந்தப் பகுதி உண்டு, சிலவற்றில் இல்லை.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில்

பெங்களூர் ஆய்வின் மூன்று வகைகளும் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுபவை. ஆனால் கடத்தும் வழி வேறு. சார்கோகிளைக்கன், டிஸ்ஃபெர்லின் வகைகளில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஆண், பெண் வேறுபாடு இல்லை. அலங்காநல்லூர், வாடிப்பட்டி உள்ளிட்ட மதுரை வட்டாரத்திலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் அக்காள் மகளை மணப்பதும், அத்தை மகள், மாமன் மகளை மணப்பதும் நெடுங்காலப் பழக்கம். இருவருக்கும் பொதுவான முன்னோர் இருப்பதால், ஒரே பழுது இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு இங்கே கூடுகிறது.

டுஷென் வகைக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால், மரபணுவைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இதைக் கேட்டவுடன் பழி முழுவதும் மருமகள் மேல் விழும் வீடுகள் உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளில் பழுது புதிதாகத் தோன்றுகிறது, தாய் அதைச் சுமப்பதே இல்லை. பரிசோதனை செய்யாமல் யாரையும் சுட்டுவதற்கு இடமில்லை. கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்று அழைக்கப்படும் மையம் மரபணுப் பரிசோதனையையும் ஆலோசனையையும் வழங்கிவருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் நிமான்சுக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நெடுங்காலமாகச் சென்றுவருகின்றன.

நோயைத் தவறாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. கெண்டைக்கால் திரண்டிருப்பதைப் பார்த்துப் பிள்ளை பலசாலி என்று மகிழ்வதுண்டு. தசையிலிருந்தும் கசியும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நொதிகள் இரத்தத்தில் உயர்ந்திருப்பதைக் கண்டு கல்லீரல் நோய் என்று அலைவதுண்டு. அப்போது சி.பி.கே. அளவையும் பார்த்தால் ஐயம் தீரும். பள்ளியில் காலை வழிபாடு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் எழ முடியாத பையன் சோம்பேறியாகவே தெரிவான். ஓடவிட்டால் உரம் ஏறும் என்று மைதானத்தைச் சுற்ற வைப்பது, மடை திறக்காத வயலில் இன்னும் நெருக்கமாக நடுவதற்குச் சமம். மிதமான அசைவும், மூட்டுகள் மடங்கி இறுகாமல் காக்கும் நீட்சிப் பயிற்சியும்தான் அவனுக்குத் தேவை. வகுப்பறையை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்ற அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவு நோயின் பெயர் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் அது இடம்பெற்றது. தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையிலும் இந்நோயாளிகளுக்குத் தனிப்பிரிவு உண்டு. இந்த நோயின் பெயரைத் தமிழ் வாசகர்கள் பலர் முதன்முதலில் கேட்டது சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்ற சகோதரிகள் வழியாகத்தான். இருவரும் இந்நோயோடு வாழ்ந்துகொண்டே, இதே நோயுள்ளவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினர். வானவன் மாதேவி 2017ஆம் ஆண்டில் காலமானார்.